புல் செத்துவிட்டதா, உறங்குகிறதா? பிளக்கர் சொல்லும் பதில்

நான் இங்கே மதிப்பிடுவது காலால் அழுத்தும் பிளக்கரை. இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே கால் வைக்க ஒரு பட்டை, நுனியில் ஏறக்குறைய 10 செ.மீ. விட்டத்தில் கூர்மையான விளிம்புள்ள குழாய். அழுத்தி, அரைச்சுற்று திருப்பி, தூக்கினால் புல்லும் வேரும் மண்ணுமாக ஓர் உருளை அப்படியே வந்துவிடும். பல நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒரே வடிவத்தில் இதைச் செய்கின்றன. அதனால் பெயர் எதுவும் சொல்லாமல் அந்த வடிவத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

விற்பவர்கள் இதை நடவுக் கருவியாகத்தான் காட்டுகிறார்கள். நல்ல இடத்திலிருந்து எடுத்து மொட்டை இடத்தில் வை, அவ்வளவுதான் என்று. அது உண்மைதான். ஆனால் வீடு வீடாகப் போய்ப் புல்தரை பராமரிக்கும் வேலையில் இருக்கிற எனக்கு, நடவு தொடங்கும் முன்பே இது கொடுத்த காசுக்கு உழைத்துவிடுகிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில் எந்த இடம் பிழைக்கும், எது பிழைக்காது என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது இதுதான். அந்த ஒரு வேலைக்கு இதைவிட நல்ல சாமான் என் வண்டியில் இல்லை.

பெர்முடா என்று விற்கப்படும் அருகம்புல் வகைகள், ஜாய்சியா, செயின்ட் அகஸ்டின், சென்டிபீட் எல்லாம் வெயில் காலப் புற்கள். மண்ணின் சூடு 10 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கிவிட்டால் பச்சை போய், வைக்கோல் நிறமாகி உறங்கிவிடும். செத்த புல்லும் அதே வைக்கோல் நிறம்தான். நின்ற இடத்திலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டுக்காரர்கள் பதறுவதும் இதனால்தான். நான் பார்த்துக்கொள்ளும் வீடொன்றில் உள்ள அம்மா, கேட்டைத் திறந்ததுமே கேட்டார்: "தம்பி, எல்லாம் போச்சு போல இருக்கே. மொத்தமாப் பேத்துட்டுப் புதுசு போட்டுடலாமா?"

"அவசரப்படாதீங்கம்மா. ரெண்டு மூணு வாரம் பொறுத்துக்குங்க, பார்த்துச் சொல்றேன்" என்றேன். கடைசியில் அந்த வீட்டில் மாற்ற வேண்டியிருந்தது வேலியோர நிழல்பட்டையும், தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளமும் மட்டும்தான். மற்றதெல்லாம் தானாகவே எழுந்தது. முழுத் தரையையும் பெயர்த்திருந்தால் நல்ல புல்லையும் சேர்த்துக் குப்பையில் கொட்டியிருப்போம்.

பலர் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்கள். கையோடு வந்தால் செத்தது, வராவிட்டால் உயிர் இருக்கிறது என்று கணக்கு. முதல் பார்வைக்கு அது போதும், முடிவெடுக்கப் போதாது. செத்த தண்டும் மண்ணில் கொஞ்ச நாள் இறுகிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பெர்முடாவில் மேலே ஓடுகிற தண்டு போனாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டு தப்பியிருக்கலாம். இழுத்துப் பார்த்தால் அது தெரியாது. மண்ணோடு வெட்டி எடுத்தால்தான் தெரியும்.

நான் செய்வது இது. குளிர்காலத்தின் பின்பாதியில், தரை உறைந்து கல்லாக இல்லாத ஒரு நாளில், பிளக்கரால் பல இடங்களில் மாதிரி எடுக்கிறேன். நன்றாக வெயில் படும் நடுப்பகுதி, மரத்தடி, சுவரின் நிழல் விழும் பக்கம், தண்ணீர் வடியாத தாழ்வு, ஆட்கள் குறுக்கே நடந்து தேய்ந்த தடம், இப்படி ஒவ்வொன்றிலும். நல்ல இடத்திலிருந்தும் கட்டாயம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதனோடு ஒப்பிடுவது? ஒவ்வொன்றையும் தொட்டியில் வைத்து, எந்த இடம் என்று எழுதி ஒட்டி, வெயில் விழும் ஜன்னலோரம் வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். மண் காயாமல் தண்ணீர், அவ்வளவுதான் பராமரிப்பு. இரண்டு மூன்று வாரத்தில் பதில் வந்துவிடும். உயிருள்ள உருளையில் பல இடங்களில் ஒரே சமயத்தில் பச்சை முளை எட்டிப் பார்க்கும். அரைகுறையாகப் பிழைத்ததில் ஓரத்தில் ஒன்றிரண்டு வரும். செத்தது வைக்கோலாகவே இருக்கும், அல்லது களை மட்டும் முளைக்கும்.

உருளையின் பரப்பில் பாதிக்கு மேல் பரவலாகப் பச்சை வந்தால், அந்த இடத்தைப் பெர்முடா தானே மூடிக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறேன். அதற்குக் கீழே என்றால் நடவுக்குத் தயாராகச் சொல்கிறேன். செயின்ட் அகஸ்டினில் கொஞ்சம் கறாராகவே இருப்பேன். அதற்கும் சென்டிபீடுக்கும் மண்ணுக்குள் ஓடும் தண்டு கிடையாது. மேலே படரும் ஓடுதண்டு போனால் திரும்பி வர அடியில் ஒன்றும் மிச்சமில்லை. குளிரைத் தாங்குவதில் இந்த வகைகளில் செயின்ட் அகஸ்டின்தான் கடைசி. ஜாய்சியா நன்றாகத் தாங்கும், பெர்முடா அதற்கு அடுத்து.

ரகமும் பேசும். செயின்ட் அகஸ்டினில் 1973இல் வெளியான ஃப்ளோராடாம் குளிரை அவ்வளவாகத் தாங்காது. 1980இல் வெளியான ராலே அதைவிட நன்றாகத் தாங்கும். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஒன்று எழுந்து மற்றொன்று எழாமல் கிடப்பதற்குப் பல சமயம் இதுவே காரணம். வீட்டுக்காரருக்கு ரகத்தின் பெயர் தெரிந்திருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஜன்னலோரச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. மாதிரி எடுத்த நாளில் புல் எப்படி இருந்ததோ, அதை மட்டும்தான் அது சொல்லும். குளிர்காலத்தின் கடைசியில் சில நாள் வெயில் காய்ந்து, புல் விழித்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு கடும் உறைபனி விழுந்தால், நடுக்குளிரில் தாங்கிய புல்கூட அப்போது சாகும். விழிக்கும்போது தூரில் நீர் ஏறிவிடும், குளிரைத் தாங்கும் பக்குவம் போய்விடும். அப்படி ஒரு பனி விழுந்தால் பழைய மாதிரியை நம்பாமல் மறுபடி எடுத்து வைக்க வேண்டும். பிளக்கர் இருந்தால் அது ஒரு பெரிய வேலையே இல்லை.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. உருளையைக் கையில் வைத்துக்கொண்டு, மண்ணை உதிர்த்து, தூரைக் கூரிய கத்தியால் நெட்டுவாக்கில் பிளந்து பாருங்கள். உயிருள்ள தூர் உள்ளே வெள்ளையாக, கெட்டியாக, ஈரமாக இருக்கும். நகத்தால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும். செத்தது பழுப்பாக, நசநசவென்று குழைந்து, அல்லது உலர்ந்து நொறுங்கும். ஓடுதண்டையும் இதே மாதிரி கீறிப் பார்க்கலாம், கணுவுக்குக் கணு நிலைமை மாறும். ஒரே தண்டில் நுனிப்பக்கம் பழுப்பாகவும் அடிப்பக்கக் கணு வெள்ளையாகவும் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கணு போதும், அதிலிருந்து செடி வரும்.

இந்தக் கருவி எனக்குப் பிடித்துப்போனதற்கு இன்னொரு காரணம் அது எடுத்துத் தரும் மண். புல் எதனால் போனது என்பதும் அந்த உருளையிலேயே இருக்கும். பக்கவாட்டில் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே செத்த தண்டும் சருகும் மெத்தையாகச் சேர்ந்து ஒரு செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால், தூர் மண்ணில் இல்லாமல் அந்த மெத்தையில்தான் குடியிருக்கிறது. மண்ணின் கதகதப்பு அதற்குக் கிடைக்காது. குளிர்காற்று நேராக அடிக்கும். மண் சாம்பல் நிறமாகி, முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தால் அங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, வேருக்குக் காற்று இல்லை. மண் இறுகிப் பாளமாக வந்து, வேரெல்லாம் மேல் இரண்டு மூன்று செ.மீ.யிலேயே நின்றிருந்தால் காலடித் தடத்தின் வேலை. மண் பொடியாக உதிர்ந்து, தூர் நொறுங்கினால் அது குளிரைவிட வறட்சியால் போனது. மழையில்லாத குளிர்காலத்தில் உறங்குகிற புல்லுக்கும் இடையிடையே தண்ணீர் வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் காரணத்தைப் பார்க்காமல் புதுப் புல்லை நட்டால் அடுத்த குளிரில் அதே இடம் மறுபடி போகும். பள்ளத்துக்கு முதலில் வடிகால், தடத்துக்கு முதலில் மண்ணைத் துளையிட்டுத் தளர்த்தல், நிழலுக்கு மரக்கிளை கழித்தல். அதற்குப் பிறகுதான் நடவு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எல்லாச் சேதமும் குளிரால் வருவதும் இல்லை. பெர்முடா தரையில், சுற்றிலும் பச்சை வந்த பிறகும் வட்ட வட்டமாகக் கொஞ்சம் அமுங்கிய செத்த திட்டுகள் நின்றால், உருளையைக் கழுவி வேரைப் பாருங்கள். வேரும் தண்டும் கறுத்து அழுகியிருந்தால் அது ஸ்பிரிங் டெட் ஸ்பாட் என்கிற பூஞ்சை நோயாக இருக்கலாம். அதற்கான பூஞ்சைக்கொல்லியை இலையுதிர் காலத்தில், புல் உறங்கப் போகும் முன் அடிக்க வேண்டும். வசந்தத்தில் திட்டைப் பார்த்துவிட்டு மருந்து அடிப்பது வீண் செலவு. ஜாய்சியாவிலும் செயின்ட் அகஸ்டினிலும் திட்டின் விளிம்பு செம்மஞ்சளாகத் தெரிந்து, இலையைப் பிடித்து இழுத்தால் அடி அழுகி எளிதாகக் கழன்று வந்தால், அது பெரும்பாலும் லார்ஜ் பேட்ச். அதுவும் பூஞ்சைதான்.

சரி, நடவுக்கு வருகிறேன். இங்கே முக்கியம் காலம். உறைபனி அபாயம் நீங்கி, 10 செ.மீ. ஆழத்தில் காலையில் அளந்த மண் சூடு பல நாள் தொடர்ந்து 18 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். அதற்கு முன் நட்டால் வேர் பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும். சாதாரண மண் தெர்மாமீட்டர் போதும், பெரிய கருவி வேண்டாம். பெர்முடா தரையில் நடவுக்கு முன் செத்த இலையை ஒட்ட வெட்டி வாரி எடுத்தால் மண் சீக்கிரம் சூடேறும். செயின்ட் அகஸ்டினையும் சென்டிபீடையும் அப்படி ஒட்ட வெட்டக் கூடாது, மேலே கிடக்கும் தண்டே வெட்டுப்பட்டுப் போகும்.

பிளக்கரின் நடவு நேர்த்தி இப்படி. மொட்டை இடத்தில் ஒரு குழி எடுக்கிறேன். நல்ல இடத்தில் அதே குழாயால் ஓர் உருளை எடுக்கிறேன். இரண்டும் ஒரே விட்டம், ஒரே ஆழம். புல் உருளை மொட்டைக் குழிக்குள் இடுக்கில்லாமல் இறங்கும், மொட்டைக் குழியிலிருந்து வந்த மண் நல்ல இடத்துக் குழியை அடைத்துவிடும். வெளியிலிருந்து மண் வாங்க வேண்டாம், வெளியே கொட்டவும் ஒன்றும் இல்லை. நல்ல இடத்துக் குழியைச் சுற்றியுள்ள புல்லே மூடிவிடும். மண்வெட்டியால் சதுரமாக வெட்டி நட்டவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், புல்வெட்டி ஓடும்போது மேட்டைச் சீவிவிடும். இதில் அந்தத் தொல்லை இல்லை. நோயால் செத்த திட்டு என்றால் மட்டும் அந்த மண்ணை நல்ல இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே சுத்தமான மண்ணோ மணலோ போடுங்கள்.

பெர்முடாவுக்கு உருளைக்கு உருளை 30 செ.மீ. விடுகிறேன், நல்ல வெயிலில் அந்தப் பருவத்துக்குள்ளேயே கூடிவிடும். ஜாய்சியா மெதுவாகத்தான் படரும். 15 செ.மீ. இடைவெளியில் வைத்தாலும் முழுதாக மூட அடுத்த பருவமும் ஆகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். வைத்ததும் காலால் அழுத்த வேண்டும், வேரும் மண்ணும் ஒட்டாமல் காற்று நின்றால் உருளை காய்ந்துவிடும். முதல் இரண்டு வாரம் தினமும் லேசான தண்ணீர், அப்புறம் நாள் விட்டு ஆழமாக. உரம் அவசரமில்லை. உருளை வேர் பிடித்து, மற்ற தரையும் முழுதாகப் பச்சை பிடித்த பிறகு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிராம் தழைச்சத்து போதும். அதற்கு முன்னால் போட்டால் களைதான் முந்திக்கொள்ளும்.

வசந்தத் தொடக்கத்தில் களை முளைக்கும் முன்பே தெளிக்கும் களைக்கொல்லியைப் பலர் பழக்கமாகப் போடுகிறார்கள். புரோடியமின், பென்டிமெத்தலின் போன்றவை புது வேர் வளர்வதையே தடுப்பவை. நட வேண்டிய இடத்தில் அதைப் போட்டுவிட்டால் உருளையின் வேர் பக்கத்து மண்ணுக்குள் போகத் திணறும். ஜன்னலோரச் சோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். எங்கே நடப்போகிறோம் என்று தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் தெளிக்கலாம்.

விதை போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். சாதாரண பெர்முடாவுக்கும் சென்டிபீடுக்கும் விதை உண்டு. ஆனால் 1960இல் வெளியான டிஃப்வே போன்ற கலப்பின பெர்முடா விதையே தராது, மலட்டு வகை. அதன் நடுவே சாதாரண பெர்முடா விதை தூவினால் நிறமும் இலை அகலமும் ஒட்டாமல் திட்டுத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும். அந்தத் தரைக்கு அதன் சொந்தப் புல்லையே பெயர்த்து நடுவதுதான் முறை.

இனி குறைகள். ஈரக் களிமண்ணில் உருளை குழாய்க்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த உருளை முந்தையதை மேலே தள்ளி வெளியேற்றும் என்பதுதான் வடிவமைப்பு, களிமண்ணில் அது சரியாக வேலை செய்வதில்லை. ஒரு வாளித் தண்ணீரில் குழாயை அடிக்கடி முக்கி எடுத்தால் ஓரளவு வழுக்கி வரும். காய்ந்து இறுகிய மண்ணில் இறங்கவே இறங்காது, முந்தின நாள் தண்ணீர் விட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். கல் நிறைந்த மண்ணுக்கு இது லாயக்கில்லை, விளிம்பு மடங்கிவிடும். என்னிடம் இருப்பதில் கால் பட்டை ஒரு பக்கம்தான், அதுவும் குறுகல். மெல்லிய அடியுள்ள செருப்போடு நாள் முழுக்க மிதித்தால் பாதம் வலிக்கும், தடித்த பூட்ஸ் வேண்டும். பூச்சும் சீக்கிரம் உரிந்தது. கழுவித் துடைத்து எண்ணெய் பூசி வைக்காவிட்டால் துரு ஏறிவிடும். விளிம்பை அவ்வப்போது அரத்தால் தீட்ட வேண்டும், மழுங்கினால் தண்டை அறுக்காமல் நசுக்கும். ஒரு தரையில் நோய் இருந்தால் அடுத்த தரைக்குப் போகும் முன் மண்ணைக் கழுவி, ஆல்கஹாலால் துடைத்துவிடுவேன்.

பூச்செடிக் கிழங்கு நடும் சின்னக் குழாயை வைத்தே இதைச் செய்யலாமே என்பார்கள். விட்டம் சிறிசு, ஓர் உருளையில் ஒன்றிரண்டு தூர்தான் வரும், சோதனைக்கு அது போதாது. மணிக்கட்டும் போய்விடும். கால்ஃப் மைதானத்தில் குழி வெட்டும் கருவி இதைவிட உயர்ந்த சாமான். அதன் குழி 108 மி.மீ. அகலம், வெட்டு கத்தி போல இருக்கும், மைதானம் பராமரிப்பவர்கள் குளிர்காலச் சேதத்துக்கு மாதிரி எடுப்பதும் அந்தக் கருவியைக் கொண்டுதான். வீட்டுத் தரைக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. சேதம் பாதித் தரைக்கு மேல் என்றால் பிளக்கரை நம்பி இறங்காதீர்கள், முதுகுதான் போகும். புல் பத்தைகளாக வாங்கி விரித்துவிடுவது மேல். அப்போதும் சோதனைக்கு இது வேண்டும்.

வாங்கும்போது மூன்று இடம் பாருங்கள். குழாயின் வாய் உட்புறத்தைவிட ஒரு நூல் குறுகலாக இருக்க வேண்டும், அப்போதுதான் உருளை உள்ளே ஒட்டாமல் ஏறும். குழாயும் கம்பியும் சேரும் இடத்தில் பற்றவைப்பு சுற்றிலும் முழுமையாக ஓடியிருக்க வேண்டும், புள்ளி புள்ளியாக இருந்தால் முதல் பருவத்திலேயே ஆட்டம் காணும். கால் பட்டை இரண்டு பக்கமும் இருப்பது கிடைத்தால் அதையே எடுங்கள்.